பன்னிரண்டு நிமிடம் முந்திய கடிகாரம்

கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். வயிற்றுத் தையல் சுரீரென்று இழுத்தது.

"ஏம்மா, பைத்தியமா உங்களுக்கு?" நர்ஸ் ஓடி வந்து தோளை அழுத்தினாள். "குடல்வால் வெடிச்சு, காய்ச்சல்ல நாள்கணக்கா நினைவில்லாம கிடந்துட்டு, கண்ணு முழிச்சதும் எங்க ஓட்டம்?"

"வாட்ச்! என் கையில இருந்த வாட்ச் எங்க?"

"அந்த இரும்புக் குண்டு வாட்சா? ஆபரேஷனுக்கு முன்னாடியே கழட்டி உங்க மாமியார்கிட்ட குடுத்தாச்சு."

அவள் வெறும் மணிக்கட்டைத் தடவினாள். அது பேட்டரி போட்டதல்ல. கை அசைய அசையத் தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும் விமானிக் கடிகாரம். கழற்றி மேசையில் போட்டால் ஓரிரு நாளில் மூச்சை நிறுத்திவிடும்.

அது அவள் கணவனுடையது. சரக்கு விமானம் ஓட்டியவன். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, நொடி பிசகாமல் நேரம் வைத்துவிட்டுத்தான் படி இறங்குவான். போன வருடம் ஒரு காலையில் அப்படி இறங்கியவன்தான். மலையில் மோதிய விமானத்தில் உருப்படியாகக் கிடைத்தது இது மட்டும். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அன்று மாலை அவள் கைக்கு வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆளைக் காப்பாத்தத் துப்பில்ல, இதை மட்டும் நல்லா கெட்டியா செஞ்சிருக்கானுங்க பாரு" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அதைக் கழற்றவில்லை. குளிக்கும்போதும், தூங்கும்போதும். நேரம் வைக்கும் திருகைத் தொடவே இல்லை. அவன் வைத்த நேரம் அறுபடாமல் ஓடட்டும். தினமும் கொஞ்சம் முந்தும் கடிகாரம், முந்தி முந்திப் பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்திருந்தது. "வந்துட்டாங்கய்யா அவசரக்குடுக்கை!" என்று அவள் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியின் வாட்ச்மேன் தினமும் கேட்டைத் திறக்கும்போது சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கதவு திறந்தது. மாமியார். ஒரு கையில் பிளாஸ்க். மறு கையில், மணிக்கட்டில் நிற்காமல் சரிந்து தொங்கும் அந்தப் பெரிய கடிகாரம்.

"அத்தை! ஓடுதா?"

"ஓடாம என்ன? கையிலயே கட்டிக்கிட்டேன். கட்டிக்கிட்டாலே போதும், ஓடும்னு அவன் சொல்லுவான்ல? இந்தா, பிடி உன் புருஷனை."

வாங்கிக் காதில் வைத்தாள். டிக் டிக் டிக். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எலியும் பூனையுமாக இருந்த மாமியாரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாசம் போதும், நாடி பாக்கணும்" என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் பார்த்தாள். பத்தேகால்.

மடியிலிருந்ததைப் பார்த்தாள். பத்தேகால்.

"அந்தக் கடிகாரம் சரியா ஓடுதா, சிஸ்டர்?"

"அதைப் பாத்துத்தாம்மா மருந்தே குடுக்கிறோம்."

பன்னிரண்டு நிமிடத்தைக் காணோம்.

நர்ஸ் வெளியேறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இது நின்னுபோச்சா?"

மாமியார் பிளாஸ்க் மூடியைத் திறந்தாள். ஊற்றவில்லை. மறுபடி மூடினாள்.

"நின்னுடுச்சு."

"யாரு திரும்ப நேரம் வெச்சது?"

"நான்தான். கையுறை போட்டவனும் திருப்பணும்னு திருகைப் பெருசா வெச்சிருக்கானே, என் வாதம் பிடிச்ச விரலுக்கும் சிக்கிடுச்சு. சுவத்துக் கடிகாரத்தைப் பாத்து வெச்சேன். உனக்குத் தெரியவே கூடாதுன்னு நினைச்சேன்டி."

அவன் வைத்த கடைசி நேரம். போய்விட்டது. அவள் கடிகாரத்தை இறுக்கினாள். விரல் நுனிகள் வெளுத்தன.

"கட்டிக்கிட்டே இருந்தேன்னு பொய் வேற! மேசையில தூக்கிப் போட்டீங்க, அதான் நின்னுச்சு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே அத்தை!"

"சத்தியமா கழட்டலடி. எப்படி நின்னுச்சுன்னு எனக்கும்தான் புரியல." மாமியாரின் குரல் உடைந்தது. "தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. அந்தக் கையாலதான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். விட்டா நீயும் போயிடுவியோன்னு, அந்தக் கையை நான் அசைக்கக்கூட இல்லையேடி..."