சூஜோவுக்குப் போன திங்கட்கிழமை

திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. அன்றைக்கு மட்டும் முதலாளி லியூ எல்லோரையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகு, தான் பிறந்த சூஜோ நகரத்துக்குப் போய் வந்திருந்தார் அவர். அங்கே எடுத்த படங்களைச் சுவரில் விழுத்திக் காட்டுவார். பிறகு சாப்பாடு.

படம் இல்லாவிட்டாலும் ஞானேந்திரன் வந்திருப்பான். தொலைபேசி கடையில்தான் இருந்தது.

பிரெஞ்சு பேசும் அந்தப் பனி நகரத்தின் ஓரம், சென்ட் லோரன்டில், தொழிற்சாலைகள் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தச் சீனச் சாப்பாட்டுக் கடை. அவன் அங்கே கோப்பை கழுவினான். மட்டக்களப்பிலிருந்து வந்து இரண்டு மாரி கழிந்திருந்தது. போன ஆவணியில் இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து அவனுடைய தம்பி ஆனந்தராசாவைப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு தெற்கே ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். கொழும்பில் இருந்த தியாகலிங்கம் மாமா, லோயர் வீட்டுக்கும் முகாம் வாசலுக்குமாக அலைந்தார். சனிக்கிழமை கடைத் தொலைபேசிக்கு அழைத்தார்.

"திங்கக்கிழமை விடுறாங்களாம். லோயர் சொல்றார். கேக்குதா? விட்டா ரெண்டு தரம் அடிச்சுப்போட்டு வைப்பன். நீ எடுத்துப்போடாத."

"விடாட்டி?"



"விடாம அடிச்சா எடு."

மாமா கதைத்தது பக்கத்து வீட்டுத் தொலைபேசியில். பக்கத்து வீட்டாரின் முகம் கோணாமல் கடல் கடந்து செய்தி அனுப்ப அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்த வழி அதுதான். அடித்து வைப்பது. எடுக்காதவரை செலவில்லை.

ஞாயிறு முழுக்க அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அறையில் நடந்தான். பனி கரைந்து சேறாகிய தெருவில் நடந்தான். திங்கள் விடிய, முதலாளி திறக்கும் முன்பே வந்து கதவடியில் நின்றான்.

லியூ திரைச்சீலைகளை இழுத்து மூடினார். சுவரில் வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றைக் குத்தி மாட்டினார். அவருடைய மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்தாள். தொலைபேசி பின்னால், காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதனருகே ஒரு கதிரையைப் போட்டு அல்போன்சம்மாவைக் கூப்பிட்டான் ஞானேந்திரன். அவளும் மட்டக்களப்புத்தான். குசினியில் மரக்கறி வெட்டுகிறவள். கடையில் சனம் கூடினால் தொலைபேசியும் எடுப்பாள்.

"மாமி, நீங்க இதில இருங்க. ஒருத்தரையும் தொட விடாதீங்க."

"நீயே இரியன்."

"ஏலாது. என்ட கை போயிரும்."

"சரி இரு மனே. அந்தோனியாரே வந்து எடுத்தாலும் கையத் தட்டி விடுவன்."

விளக்கு அணைந்தது. படம் காட்டும் எந்திரம் டொக்கென்று சத்தமிட்டது. சுவரில் ஒரு வெள்ளை மதிலும் அதில் வட்டமான வாசலும் தெரிந்தன. மதிலுக்கு அப்பால் மூங்கில்.

"இதுதான் வாசல்," என்றார் லியூ. "உள்ளே போகிறோம்."

உள்ளே போவதற்குள் தொலைபேசி அடித்தது.

ஞானேந்திரன் எழுந்துவிட்டான். ஒன்று. இரண்டு. இனி நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று. கதிரைகளில் இடித்துக்கொண்டு பின்னால் போனான். ஐந்தாவதுக்கு எடுத்தான்.

மறுமுனையில் யாரோ ஓர் ஆள் பிரெஞ்சில் வறுத்த சோறு கேட்டான்.

"ஃபெர்மே, மெசியூ. ஃபெர்மே." கடை பூட்டு என்று சொல்லி வைத்தான்.

"ஆரு?" என்றாள் அல்போன்சம்மா.

"சோறு கேக்கான்."

"திங்கக்கிழமையிலயும் பசிக்குதா இவனுக்கு?"

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.  

சுவரில் ஒரு பெரிய கல் நின்றது. உடம்பெல்லாம் ஓட்டை. ஏரியின் அடியில் கிடந்து தண்ணீர் அரித்த கல் என்றார் லியூ. அந்தக் காலத்துச் செல்வந்தர்கள் அதைத் தோண்டி எடுத்து, படகில் ஏற்றி வந்து தோட்டத்தில் வைத்தார்களாம்.

"நம்மட ஊர்ல கல்லப் பிடுங்கி எறிஞ்சுதான் வீட்டு வளவு திருத்துற," என்று பின்னாலிருந்து தமிழில் சொன்னாள் அல்போன்சம்மா. "இவங்க கல்லக் கொண்டுவந்து நடுறாங்க."

டொக். ஒரு நீண்ட நடைக்கூடம். அதன் மதிலில் வரிசையாகச் சன்னல்கள். ஒன்றின் பின்னல்வேலை மற்றதில் இல்லை. ஒவ்வொரு சன்னலுக்குள்ளும் தோட்டத்தின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

டொக். குளம். தாமரை இலைகள். அதன்மேல் ஒரு கல்பாலம். நேராகப் போகவில்லை. வலப்பக்கம் மடங்கி, இடப்பக்கம் மடங்கி, மறுபடியும் வலப்பக்கம் மடங்கிப் போனது.

"ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டு லியூவே பதில் சொன்னார். "நேராகக் கட்டினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். மடக்கிக் கட்டினால் மெதுவாக நடப்பார்கள்."

ஞானேந்திரனுக்கு அது தெரியும். ஊரில் சோதனைச் சாவடியில் தார்ப்பீப்பாக்களை அப்படித்தான் வைத்திருந்தார்கள். வலம், இடம், வலம். சைக்கிளை உருட்டிக்கொண்டு மெதுவாக வர வேண்டும். கடைசி வளைவில் துவக்கோடு ஒருவன் நிற்பான். சுவரில் இருந்த பாலத்தின் கடைசி வளைவைத் தேடினான். ஒரு மரத்தின் கொப்பு அதை மறைத்திருந்தது. அதற்குள் படம் மாறிவிட்டது.

மாறிய படத்தில் வானம் கீழே இருந்தது. கூரை தலைகீழாகத் தொங்கியது. லியூ தன் மனைவி மக்களோடு தலையால் நடந்து வந்தார். அவருடைய மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அல்போன்சம்மாவின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. அந்தச் சிரிப்புக்குள் தொலைபேசி ஒரு தரம் அடித்தது.

ஒரு தரம்தான்.

"போன்ஜூர்!" என்றாள் அல்போன்சம்மா சிரித்தபடியே.

பிறகு சிரிப்பு நின்றது.

"மாதாவே," என்றாள். "மாதாவே, எடுத்திட்டன்."

அவன் ஓடிப்போய் வாங்கிக் காதில் வைத்தான். வெறும் இரைச்சல்.

"என்ன கேட்டுது மாமி?"

"ஒண்ணுமில்ல மனே. வைச்சிட்டாங்க."

"மூச்சாவது?"

"என்ட சிரிப்புத்தான் எனக்குக் கேட்டுது."

மாமாவாக இருந்தால், வைத்தது நல்லதுக்கு. கெட்ட செய்தி என்றால் பேசியிருப்பார். அப்படியென்றால் விட்டுவிட்டார்கள். ஆனால் சோறு கேட்டவனும் வைத்திருக்கலாம். கொழும்பு இணைப்பு தானாகவும் அறுந்திருக்கலாம். கணக்கு ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த நிமிடம் மறுபக்கம் சாய்ந்தது.

லியூவின் மனைவி என்னவென்று கேட்டாள். அல்போன்சம்மா தன் அரைகுறை ஆங்கிலத்தில், கையை விலங்கு மாட்டியதுபோல் வைத்துக் காட்டிச் சொன்னாள். தம்பி. சிறை. இரண்டு தரம் மணி. அந்தப் பெண் விதைப் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நிறுத்தட்டுமா?" என்றார் லியூ.

"வேண்டாம்," என்றான் ஞானேந்திரன். நிறுத்தினால் அந்த அமைதியில் இருக்க முடியாது.

படம் தொடர்ந்தது. சிவப்பு மீன்கள். கால்வாய் ஒன்றில் ஓடம். லியூவின் வீடு இருந்த இடத்தில் இப்போது நிற்கும் பள்ளிக்கூடம். அதை மட்டும் அவர் சட்டென்று மாற்றினார். பிறகு நகரத்துக்கு வெளியே பேரேரி வந்தது. தண்ணீர், தண்ணீர், அதன் முடிவில் வானம். தோட்டத்துக் கல்லெல்லாம் பிறந்த இடம்.

தொலைபேசி அடித்தது.

ஒருவரும் அசையவில்லை. அல்போன்சம்மா தன் இரண்டு கைகளையும் சேலை மடிக்குள் புதைத்துக்கொண்டாள். இரண்டு. ஞானேந்திரன் மூச்சை விட்டான்.

மூன்று.

நான்கு.

"எடு மனே."

அவன் எழவில்லை.

"விடாம அடிக்குது. எடு."

"ஏலாது மாமி."

மணி நிற்கவில்லை. லியூ எந்திரத்தை விட்டு எழுந்து வந்தார். ரிசீவரை எடுத்தார். சுருள்கம்பி முழுக்க நீளும்வரை இழுத்துக்கொண்டு வந்து அவனுடைய காதில் வைத்துப் பிடித்தார்.

"அண்ணே."

அவன் ரிசீவரைத் தன் கையில் வாங்கினான்.

"அண்ணே, நான் ஆனந்தன். மாமா வீட்டில நிக்கன்."

"என்னத்துக்கடா விடாம அடிச்ச?" என்றான். அதுதான் முதலில் வாயில் வந்தது. "விடாம அடிச்சா என்னெண்டு தெரியுமா உனக்கு?"

"மாமா வேணாமெண்டுதான் சொன்னார். இப்பவும் ஏசிக்கிட்டு நிக்கார். முதல் அடிக்கக்க ஒரு பொம்புள எடுத்துச் சிரிச்சாங்க. பின்னால எல்லாரும் சிரிச்சீங்க. மாமா வைச்சிட்டார். என்ன விசேசமெண்டு கேக்கணும் போல இருந்துச்சு."

"ஒரு விசேசமும் இல்ல. படம் காட்டுறாங்க."

"என்ன படம்?"

"சீனாவில ஒரு குளம். பூந்தோட்டம்."

"பெரிய குளமா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"கரை தெரியல்ல."

 மாமா ஏதோ அதட்டுவது தூரத்தில் கேட்டது. தம்பியின் குரல் முன்னைவிட மெதுவாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அனுமதி கேட்டுப் பேசுகிறவன் போல இருந்தது.

"ஆக்கள் போகலாமா அங்க?"

"டிக்கெட் எடுத்தா ஆரும் போகலாம்."

"ஆரும்?"

"ஆரும்."

"ஐடென்டி கார்ட் கேக்க மாட்டாங்களா?"

ஞானேந்திரன் ரிசீவரைக் கையால் பொத்தி லியூவிடம் ஆங்கிலத்தில் கேட்டான். லியூ யோசித்தார்.

"விடுதியில் கேட்டார்கள். ரயிலில் கேட்டார்கள்," என்றார். "தோட்டத்துக்குள் கேட்கவில்லை."

"தோட்டத்துக்குள்ள கேக்கிறல்லையாம்," என்றான் தம்பியிடம்.

"அது போதும்," என்றான் ஆனந்தராசா. பிறகு, "மாமா பறிக்கார். வைக்கன்."

இணைப்பு அறுந்தது. அல்போன்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்து, "கேட்டியா, என்ட சிரிப்பாலதான் கதைச்சிருக்கான்," என்றாள்.  லியூ ரிசீவரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எந்திரத்தடிக்கு வந்தார்.

"அடுத்ததா?"

"இல்லை," என்றான் ஞானேந்திரன். "அந்தப் பாலத்தை இன்னொரு தரம் காட்டுங்கள்."

டொக், டொக் என்று படங்கள் பின்னால் போயின. பாலம் வந்தது. அவன் எழுந்து சுவருக்குக் கிட்டப் போனான். அவனுடைய நிழல் தாமரை இலைகளில் விழுந்தது. ஓரமாக ஒதுங்கி, கொப்புக்குப் பின்னால் இருந்த கடைசி வளைவைக் குனிந்து பார்த்தான்.

ஒரு குடை தெரிந்தது. அதன் கீழே யாரோ நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை. அவன் இன்னொரு தரமும் பார்த்தான்.