உறுதிமொழிக்கு மூன்று கடிதங்கள்

என் வீட்டுக்காரர் அருமைநாயகத்துக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. சபையில் இருந்த காலத்தில் அவரைப் போலக் கட்டுப்பாடான சபைக்காரர் திருவனந்தபுரத்திலேயே கிடையாது. சபையை விட்டு வந்த பிறகோ, விட்டு வந்ததை ஊருக்கே தெரியும்படி செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு காலத்திலும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்தான்.

எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பண்டிகை கிடையாது, பிறந்தநாள் கிடையாது, ஓட்டுப் போடக் கூடாது. கொடிக்கு வணக்கம் வைக்கக் கூடாது. உறுதிமொழி எடுப்பது கடவுளுக்கு மட்டுமே. நாட்டின் பேரில் எடுப்பது பாவம். நானும் அவரும் இரண்டு பக்கமும் சபைக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி சொல்லும்போது, நாங்கள் கையைத் தொங்கவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றே படித்து முடித்தோம். எங்கள் மகள் ஷிஜாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் நின்றாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்த அன்று, "எங்கள் விசுவாசத்தின்படி பிள்ளையை உறுதிமொழி சொல்லச் செய்ய வேண்டாம்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வருவோம். கடிதத்தின் வாசகம் சபையே தந்தது. பெயரையும் வகுப்பையும் மாற்றினால் போதும்.

சபையை விட்டதற்குக் காரணம் பாயசம். அவர் ஆரியசாலையில் ஒரு பாத்திர மொத்தக் கடையில் ஸ்டோர் பார்க்கிறார். போன வருஷம் கடையில் ஓணத்துக்கு சத்ய விருந்து போட்டார்கள். வாழையிலையைப் பார்த்ததும் மனுஷர் உட்கார்ந்துவிட்டார். அடைப் பிரதமன் பாயசம் மட்டும் மூன்று தரம் வாங்கிக் குடித்ததாகச் சபை மூப்பர்களுக்கு யாரோ எண்ணியே சொல்லியிருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார். "நல்லா இருந்துச்சு, அதான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் சபைக்காரர்கள் ஒருவரும் எங்களோடு பேசுவதில்லை. சாலை என்கிற எங்கள் பகுதிக் கடைத்தெருவில் எதிரே வந்தால் பாத்திரத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வார்கள். அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவர் உட்கார்ந்து வருத்தப்படுகிற ஜாதி இல்லை. ஷிஜாவின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு, விட்டுப்போன பதினொன்றையும் சேர்த்து ஒரே மாலையில் பன்னிரண்டு சின்னக் கேக் வெட்ட வைத்தார். மூன்றாவது கேக்கிலேயே பிள்ளைக்குத் திகட்டிவிட்டது. தேர்தல் அன்று காலை ஆறு மணிக்கே பூத் வாசலில் முதல் ஆளாக நின்று, விரல் மையை ஒரு வாரம் தண்ணீர் படாமல் காப்பாற்றினார்.

இப்படி ஒரு ஆளிடம் ஜூன் மாதம் வந்தால் என்ன ஆகும். ஷிஜா ஏழாம் வகுப்புக்குப் போன அன்று அவரே உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதினார். முந்தைய ஆறு கடிதங்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், இனி எங்கள் மகள் உறுதிமொழி சொல்லுவாள், வாய்ப்பிருந்தால் மைக்கில் முன்னின்று சொல்லவும் தயாராக இருக்கிறாள் என்று எழுதி, நகலில் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தார். தயாராக இருக்கிறாளா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரியே பயிற்சி தொடங்கிவிட்டது. ஃபிரிட்ஜுக்கு முன்னால் எங்கள் இருவரையும் வரிசையாக நிறுத்தி, ஷிஜாவின் பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் சொல்லிக் கொடுக்கிறார். மலையாளத்தில் அச்சடித்த உறுதிமொழி. தன் வாழ்நாளில் ஒரு தரமும் சொல்லாதவர் அல்லவா, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஜெபம் ஒன்றுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, குரலை நடுங்க வைத்து, நாட்டை நேசிப்பதாக உருக்கமாகச் சொல்லி, கடைசியில் "ஆமென்" என்று முடித்தார். ஷிஜா ஃபிரிட்ஜில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் கோபத்துக்கும் ஒரு கதை இருந்தது. நாலாம் வகுப்பில் வாயைத் திறக்காமல் நின்றதற்காக வாத்தியார் அவரைக் கொடிக்கம்பத்துக்குக் கீழே மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களாம். "எம் பிள்ளைய இனி ஒருத்தனும் அப்படிப் பாக்கக் கூடாது, எலிசா" என்றார். அதைக் கேட்டு எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை. வாயை மூடு என்று ஒரு கூட்டம் சொன்னது, மூடினோம். இப்போது திற என்று நாமே சொன்னால் அவள் வாய் என்றைக்குத்தான் அவளுடையது ஆகும் என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மடக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மறுநாள் மறுபடியும் எடுத்தார்.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் எனக்குப் பொறுமை கிடையாது. சாலைக் கடைத்தெருவில் நான் பிளவுஸ் தைக்கிற கடை மாடியில், மெஷினை நிறுத்திவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். என் மகளை உறுதிமொழி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, என் கணவர் கொடுத்த கடிதத்தை நான் ஏற்கவில்லை, இப்படிக்கு எலிசா. அவருக்குத் தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வீரச்செயல் செய்துவிட்ட மாதிரி அன்று முழுக்க நல்ல வேகத்தில் தைத்தேன். நானும் பிள்ளையிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஜூலை இரண்டாவது வாரம் ஷிஜாவின் வகுப்பாசிரியை ஸ்மிதா டீச்சர் ஃபோன் செய்து இருவரையும் வரச் சொன்னார். டீச்சர் மலையாளிதான், ஆனால் சாலைக் கடைத்தெருத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து எடுத்துத் தமிழும் ஒருவிதமாக வரும். இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். மைக்கில் சொல்ல நாள் குறிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைப்பு. ஸ்டாஃப் ரூமில் எங்களை உட்கார வைத்து, மேஜை மேல் இவர் கடிதத்தையும் என் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் டீச்சர்.

"ஒரே வீட்டுலேந்து ரெண்டு லெட்டர். இதுல ஏதை ஞான் ஃபைல்ல வைக்கணும்?"

இவர் என் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாட மனமில்லாத பிள்ளை தேசியகீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றால் போதும் என்று சுப்ரீம் கோர்ட்டே எப்போதோ சொல்லிவிட்டது, அந்த கேஸ் போட்டதும் நம்ம கேரளத்துப் பிள்ளைகள்தான், அதனால் பள்ளி யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தாது என்று விளக்கினார். நான் இவரை ஒரு பார்வை பார்த்தேன். அது மட்டுமல்ல, சொல்ல ஆசைப்படுகிற பிள்ளையைச் சொல்லாதே என்று தடுக்கவும் மாட்டோம் என்றார் டீச்சர். இப்போது இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பட்சே விஷயம் அதல்ல," என்று டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூன்றாவதாக ஒரு தாளை எடுத்தார். "இது நேத்து வந்தது."

கோடு போட்ட நோட்டுத் தாள். ஷிஜாவின் கையெழுத்து. எங்கள் வீட்டில் பள்ளிக்கு எதைச் சொல்வதென்றாலும் கடிதம்தான் என்று பார்த்தே வளர்ந்தவள் அல்லவா, தேதி, பெறுநர், பொருள் எல்லாம் எங்களைவிட ஒழுங்காகப் போட்டிருந்தாள். மலையாளத்தில் இருந்ததை டீச்சர் வாசித்துச் சொன்னார்: அசெம்பிளியில் உயரப்படி நிற்க வைப்பதால் வகுப்பிலேயே குள்ளமான நான் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து உறுதிமொழி நேரத்தில் எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். போன வருஷம் வரை மூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இப்போது திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீட்டிலும் பார்க்கிறார்கள். அதனால் என்னை வரிசையில் கடைசியாக, அனூப்புக்குப் பின்னால் நிறுத்தும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அங்கே நின்று நான் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்கிறேன்.

அனூப் என்பவன் ஏழாம் வகுப்பிலேயே டீச்சர் உயரம் இருக்கிற பையன்.

எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளையின் வாய்க்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நானும் அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் இவர் மூக்கை உறிஞ்சினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் இழுத்தேன்.

"டீச்சரே, அந்த மூணாவத ஃபைல்ல வச்சிருங்க," என்றார்.

டீச்சரும் தன் பங்குக்கு ஒன்றை ஒத்துக்கொண்டார். ஜூன் மாதக் கடிதம் வந்ததிலிருந்து தானும் தினமும் காலையில் ஷிஜாவின் உதட்டைத்தான் கவனித்து வந்ததாகச் சொல்லி, "க்ஷமிக்கணும்" என்றார். மறுநாளிலிருந்து ஷிஜா கடைசிக்குப் போனாள். உயரப்படி நிற்கிற வரிசையில் அனூப்புக்குப் பின்னால் இவள் நிற்பதைப் பார்த்து பி.டி. சார் இரண்டு நாள் தலையைச் சொறிந்தாராம். அப்புறம் பழகிவிட்டது.

வீட்டில் இவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் கேள்வி தொண்டை வரை வரும். அதை விழுங்கிவிட்டு, "இன்னைக்கு மழை பெஞ்சுதா?" என்று கேட்பார். மழையில் நனைந்துதான் அவரும் வந்திருப்பார். ஷிஜாவும் பெய்தது என்று பொறுமையாகச் சொல்லுவாள். ஒரு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மழையைப் பற்றியே பேசினோம்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். கடையில் இருந்த அத்தனை பேர் சட்டையிலும் முந்தின நாளே கொடி குத்திவிட்ட இவர், என்னை ஏழு மணிக்கே மைதானத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். பெற்றோருக்குப் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் இடம். அதனால் ஏழாம் வகுப்பு வரிசையில் கடைசியாக நின்ற ஷிஜா எங்களுக்கு நேர் முன்னால், நாலடி தூரத்தில் இருந்தாள். இரண்டு சடையும் முதுகும் தெரிந்தன. அவளுக்கு முன்னால் அனூப் கதவு மாதிரி நின்றான்.

கொடி ஏறியது. மைக்கில் ஒரு பெண் உறுதிமொழியை வரி வரியாகச் சொல்ல, அறுநூறு பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். இவர் கையை நீட்டினார். நாற்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூட மைதானத்தில், முதல் தடவையாக. அவர் குரல் நடுங்கியது, இந்தத் தடவை அவர் நடுங்க வைக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே சத்தம் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். நாலாம் வகுப்பில் வெயிலில் நின்ற பையனுக்காகத்தான் இத்தனை கடிதமும் பயிற்சியும் என்பது எனக்கு அப்போது புரிந்தது. புரிந்ததும் அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அந்த நேரத்திலும் மனுஷருக்குப் புத்தி அங்கே போனது. உறுதிமொழி சொல்லிக்கொண்டே மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து, ஷிஜாவின் கன்னம் அசைகிறதா என்று எட்டிப் பார்க்கப் போனார். இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன். நிமிர்ந்து கொடியைப் பார்த்து மீதியைச் சொன்னார். எட்டிப் பார்க்க எனக்கும்தான் ஆசை. கண்ணை மூடிக்கொண்டேன். முடியும் வரை திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து லட்டு வாங்கிக்கொண்டு மூவரும் நடந்தோம். இவர் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று கேட்கப் போகிறார் என்று ஷிஜாவுக்குத் தெரிந்துவிட்டது போல. அவளே பேச்சை எடுத்தாள்.

"அப்பா சொன்னது கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா, நீங்க சொன்னீங்களா?"

நான் திகைத்துவிட்டேன். என்னை யாரும் இதுவரை கேட்டதில்லை. சபையும் கேட்டதில்லை, இவரும் கேட்டதில்லை, நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நாலடி முன்னால்தானே நின்றாய், நீ பார்க்கவில்லையா என்றேன்.

"திரும்பினா தெரிஞ்சிருக்கும். நான் திரும்பல, அம்மா."

நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் இரண்டு வரி சொன்னேன், அதற்கு மேல் வரவில்லை, அடுத்த வருஷம் எப்படியோ தெரியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டி, தன் லட்டில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். அவள் சொன்னாளா இல்லையா என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.