மூன்றாவது கட்டம்

குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நீதிமன்றத்திலிருந்து கடிதம். ஒரு வழக்கில் ஆள் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரியாக வந்து உட்கார வேண்டுமாம், இரண்டு வாரம். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு அதைப் படித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வம்பு தும்புக்குப் போகாத மனிதர். கூட வந்த படிவத்தைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க பாரு, மூணாவது கட்டம். இந்த நாட்டு மொழி எனக்குச் சரியா தெரியாதுன்னு ஒரு டிக் அடி. அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க."

"எனக்குத்தான் தெரியுமேங்க."

"தெரியும்னு அவங்களுக்கா தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மொழித் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டவள் அவள். இஸ்திரி மேஜைக்கு மேலே சொற்களை எழுதி ஒட்டி, நீராவியில் மை கரையக் கரைய மறுபடி எழுதி, மூன்றாவது தடவைதான் தேறினாள். தெரியும் என்று நிரூபித்து வாங்கிய குடியுரிமை. அது கேட்கும் முதல் வேலையையே தெரியாது என்று சொல்லித் தட்டிக்கழிப்பதா?

மறுநாள் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"எனக்கும் ரெண்டு தடவை வந்துச்சும்மா. காது கேக்காதுன்னு எழுதிப் போட்டேன்," என்றார். பக்கத்து அறையில் யாராவது கொட்டாவி விட்டால்கூடக் கேட்கிற காது அது. "ஷிப்ட் பொறுப்பு யாருக்குன்னு நீ போற வாரந்தான் முடிவு பண்றேன். ஆள் இங்க இருக்கணும். யோசிச்சுக்க."

அந்தப் பொறுப்புக்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். கிடைத்தால் எட்டு மணி நேரம் நின்றே சாக வேண்டாம். சாப்பாட்டு இடைவேளையில் பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்துக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தாண்டி அடியில் கையெழுத்துப் போட்டு, மனசு மாறுவதற்குள் தானே தபாலில் சேர்த்தாள்.

நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நாள் காலையில் அவளுடைய சட்டைக்கு வீட்டுக்காரரே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். காலர் முழுக்கச் சுருக்கம். அதையே போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நீதிமன்ற வாசலில் போனை அணைக்கச் சொன்னார்கள். அணைக்கப் போகும்போது மேற்பார்வையாளரின் செய்தி வந்தது. பொறுப்பு வேறொருத்திக்குப் போய்விட்டது. இரண்டு தடவை படித்துவிட்டு, போனை அணைத்து உள்ளே போனாள்.

குற்றம் சாட்டப்பட்டவன் வேறு தேசத்து ஆள். மொழிபெயர்ப்பாளர் காதில் சொல்லச் சொல்ல, தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜூரிக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்த நீதிபதி கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"கஷ்டமான வார்த்தையெல்லாம் வரும். புரியலைன்னா என்ன செய்வீங்க?"

"கையைத் தூக்கிக் கேப்பேன்," என்றாள், அந்த நாட்டு மொழியிலேயே. "எனக்குப் புரியாம ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்ல மாட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும், அந்த ஆள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.