பச்சை மரத்துச் சுவர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னது நான். நம்பியது என் மகள் ராஜப்ரியா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நீலகிரியில், எங்கள் இத்தலாரில் பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடம் நாங்கள் ஜீப்பை விற்றோம். காலியான கராஜில்...' (பொய் இல்லை. ஆனால் விலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துவிடுவேன்.)

ஜீப் போனதும் ராஜப்ரியா கோவைக்குப் போய்ச் செய்துவந்த பயிற்சியும் நின்றது. கயிறில்லாமல், விரல்களை நம்பிப் பாறை ஏறுகிறவள் அவள். அடுத்த மாதம் போட்டி. அதனால் கராஜிலேயே ஓர் ஏறுசுவர் கட்டினேன். மரச்சட்டம், அதில் முன்புறம் சாய்ந்த பிளைவுட், ஏறுவதற்குப் பிடிகள், கீழே பழைய மெத்தைகள்.

2

இரண்டாவது தொடக்கத்தில் தச்சர் பொன்ராஜை வில்லனாக்கினேன். 'பொன்ராஜ் ஈர மரத்தை எங்கள் தலையில் கட்டி' என்று எழுதும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது.

மரம் எங்களுடையது. தேயிலைக்கு நிழலாக நின்ற இரண்டு சில்வர் ஓக்கை நான்தான் வெட்டச் சொன்னேன். அறுத்த சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பொன்ராஜ் சொன்னார்:

"ஏனுங்க, இது பச்ச மரமுங்க. ஒரு வெயில்காலம் காயோணுமுங்க. இல்லீனா சுருங்கி, போல்ட்டெல்லாம் லூசாயிருமுங்க."

போட்டிவரை தாங்கினால் போதும் என்றேன். ராஜப்ரியா கேட்டபோது, மூன்று வருடம் காய்ந்த மரம் என்றேன்.*

* ஏன் மூன்று? தெரியவில்லை. எண் சேர்ந்தால் பொய் கெட்டியாகிவிடுகிறது.

3

இந்த அப்பா பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. மகள் கல்லூரிக்குக் கிளம்பியதும் தினமும் ஸ்பேனரோடு கராஜுக்குப் போகிறான். சட்டத்தில் நாற்பது போல்ட்டுகள். ஒவ்வொன்றும் கால் சுற்று தளர்ந்திருக்கிறது. முடுக்கிவிட்டு வந்து ஒன்றும் நடக்காதவன் போல டீ குடிக்கிறான். பயந்தாங்கொள்ளி. தேயிலை விலை விழுந்ததிலிருந்து மகளுக்கு அவன் கொடுத்தது இந்தச் சுவர் ஒன்றுதான். அதையும் பிடுங்க அவனுக்கு மனம் வரவில்லை.

('அவன்' என்று எழுதினால் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது.)

4

முடிவுகள்.

ஒன்று: சுவர் தாங்குகிறது, அவள் ஜெயிக்கிறாள், யாருக்கும் எதுவும் தெரியாது.

இரண்டு: சட்டம் விட்டுப்போய், அவள் (இதை எழுத மாட்டேன்.)

மாடியில் உட்கார்ந்து மூன்றாவதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே கராஜ் கதவு திறக்கிறது. மணி இரண்டுதான் ஆகிறது. கல்லூரி அரை நாளோடு விட்டுவிட்டது போலிருக்கிறது. கீழேயிருந்து அவள் குரல் வருகிறது.

"அப்பா, இன்னிக்கு மேல் வரிசை வரைக்கும் ஏறிப் பாக்கறேன்."

இன்று காலை நான் போல்ட்டுகளை முடுக்கவில்லை. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முடிவில் அந்த அப்பா வாயைத் திறக்க வேண்டும். 'ஏறாத கண்ணு. அது பச்ச மரம். அப்பா பொய் சொல்லிட்டேன்.' இவ்வளவுதான். இதைக்கூட எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வருகிறது எனக்கு. முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நான் கீழே போ