மைத்துனனின் நாற்காலி

டயர்க்கடை மாடியில் ஞாயிறு மத்தியானம் நடக்கும் போக்கர் ஆட்டத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு நல்ல பெயர் உண்டு. தோற்றாலும் முகம் சுளிக்காத மனிதர். சீட்டு சரியில்லையென்றால் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் டீ குடிப்பார். யாராவது ராசி, அதிர்ஷ்டம் என்று ஆரம்பித்தால் சிரிப்பார். லிஃப்ட் நின்றுபோனால் கோளாறைத் தேடுவதா, நேரத்தை நொந்துகொள்வதா என்று கேட்பார்.

அன்றைக்கு அந்தப் பேச்சு எடுபடவில்லை. கையில் ஜோடி ஏஸ் வந்தது. மருந்துக்கடைக்காரர் ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு கடைசிச் சீட்டில் ஜெயித்தார். ஜோடி ராஜா வந்தது, அதற்கும் அதே கதி. தான் எப்படி ஜெயித்தோம் என்பதையே மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. தப்பாக ஆடித் தோற்றவனாவது தன்னைத் திட்டிக்கொள்ளலாம். ஒழுங்காக ஆடித் தோற்பவன் யாரைத் திட்டுவான்?

எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அதற்குப் பதில், வாழ்நாளில் முதல் தடவையாக, இடம் மாற்றித் தரச் சொன்னார். தோற்றுக்கொண்டே இருப்பவர் கேட்டால் யாராவது தன் நாற்காலியைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த மேஜையின் வழக்கம். அடுத்தவன் பீடையில் போய் யார் உட்காருவார்? ஆளாளுக்கு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள்.

எழுந்தவன் அவருடைய மைத்துனன். டாக்ஸி ஓட்டுகிறவன். கியர்பாக்ஸ் போய் வண்டி ஒரு வாரமாக வாசலில் நின்றது. அதை மாற்ற அங்கே இங்கே புரட்டிய பணம் சட்டைப் பையில் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவனை இழுத்து உட்கார வைத்ததே அத்தான்தான்.

"இங்க வாங்க அத்தான். எனக்கு எங்க உக்காந்தா என்ன?"

மாறி உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்குக்கு இரண்டு ஒன்பது வந்தது. எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் விரித்த சீட்டுகளிலும் இரண்டு ஒன்பது. இனி தோற்க வழியே இல்லை.

பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் காய்களில் மிச்சமிருந்ததையெல்லாம் அள்ளி நடுவில் எறிந்தார். வெறுத்துப்போனவன் எறிகிற மாதிரி இருந்தது. ஆத்திரம் பொய்யில்லை, மத்தியானம் முழுக்கச் சேர்ந்ததுதான். ஆனால் பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். மைத்துனனிடம் ஒரு ஏஸ் இருந்தது. சுமாரான சீட்டு. ஈடு கட்ட வேண்டுமென்றால் சட்டைப் பையில் கை விட வேண்டும். அவன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"அத்தான், நானும் ஆட்டத்துக்கு வரட்டுமா?"

ஆட்டத்தின் நடுவே கையில் இருப்பதைச் சொல்லக் கூடாது என்பது மேஜை சட்டம். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். மெக்கானிக் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு தடவை ஜெயித்தே ஆக வேண்டும். எதிரே இருந்தது யார் என்பது கண்ணில் படாமல் இல்லை.

நோட்டுகள் நடுவில் வந்து விழுந்தன. நான்கு ஒன்பதையும் பார்த்த டயர்க்கடைக்காரர், நாற்காலி மாறியதும் ராசி மாறியது பார் என்று அவர் முதுகில் தட்டினார்.

படியில் இறங்கும்போது மெக்கானிக்தான் முதலில் பேசினார். "சொல்லக் கூடாதுன்னு சட்டம்டா. ஒண்ணுமில்லாத சீட்ட வச்சிக்கிட்டு நீ ஏன் வந்தே?"

"நீங்க வெறுத்துப்போய் எறியறீங்கன்னு நெனச்சேன் அத்தான். நான் ஜெயிச்சிட்டா, கீழ வந்து உங்க பணத்த உங்ககிட்டயே கொடுத்துடலாம்னுதான் வந்தேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். மெக்கானிக் பையிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து அவன் கையில் திணித்தார். மைத்துனன் தன் நோட்டுகளை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் அத்தான். அக்காகிட்ட நான் எதையும் சொல்ல மாட்டேன்."

அவன் தெருவில் இறங்கி நடந்தான். மெக்கானிக் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.