முப்பது அடி தள்ளி ஓர் அறை

நான் மாணவியர் விடுதி வார்டன். உலக அளவில் உயரம் தாண்டும் பெண் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒருத்திதான். அவளும் என் விடுதியில்தான் இருந்தாள். கால்கள் அவ்வளவு நீளம் என்பதால் விடுதி முழுக்க அவளுக்குக் கொக்கு என்று பெயர்.

நிர்வாகம் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. தனி அறை, தனிச் சாப்பாடு, நுழைவாயிலில் ஆளுயரப் படம். ‘தேவையான ஆதரவு அனைத்தும் வழங்கப்படும்’ என்று ஓர் உத்தரவும் வந்தது. ஆதரவு என்றால் என்னவென்று அதில் யாரும் எழுதவில்லை. நானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஊக்கமருந்து சோதிக்கிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். தினமும் ஒரு மணி நேரம் எந்தக் கட்டடத்தில், எந்த அறையில் இருப்பாள் என்று முன்கூட்டியே மொபைலில் பதிந்து வைக்க வேண்டும். காலை ஐந்திலிருந்து ஆறு, பதினான்காம் அறை என்று போட்டிருந்தாள். வரும்போது ஆள் இல்லையென்றால் ஒரு தவறு. வருஷத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால், மருந்தையே தொடாதவளுக்கும் இரண்டு வருஷம் தடை. பஸ் தாமதத்தில் ஒன்று, பயிற்சி முகாம் மாறியதைப் பதிய மறந்ததில் ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. உலகப் போட்டிக்கு ஐந்தே வாரம் இருந்தது.

அந்த வாரம் தேர்வும் சேர்ந்துகொண்டது. பக்கத்து அறைப் பெண்ணின் இருமல் வேறு. கொக்கு தூங்கி நாலு நாளாயிற்று. முற்றத்துக்கு அந்தப் பக்கம் விருந்தினர் அறை காலியாகக் கிடந்தது. சாயங்காலம் அவளை அங்கே கூட்டிப்போய்ப் படுக்கச் சொன்னேன். அறை எண்ணை மாற்ற வேண்டுமே என்று அவள் மொபைலை எடுத்தாள்.

“இதே காம்பவுண்டுதானே? முப்பது அடி. யாராவது வந்தா நான் கூட்டிட்டு வரமாட்டேனா? முதல்ல தூங்கும்மா.”

சொன்னதோடு நின்றேனா? சும்மா சும்மா அடிக்குமே என்று மொபைலையும் வாங்கி என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவளுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. சரியென்று படுத்துவிட்டாள்.

மறுநாளே வந்துவிட்டார்கள். அறை மாற்றிய விஷயத்தைக் காவல்காரம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. அவர் அடையாள அட்டையைப் பார்த்து நேராகப் பதினான்குக்கு அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் தட்டியிருக்கிறார்கள். கடைசி ஐந்து நிமிஷம் போனும் செய்திருக்கிறார்கள். அது பூட்டிய டிராயருக்குள் அடித்து ஓய்ந்தது. என் வீட்டிலிருந்து ஆற அமரக் காபி குடித்துவிட்டு நான் வந்தபோது அவர்கள் படி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அதோ அந்த விருந்தினர் அறையில்தான் தூங்குகிறாள், வாருங்கள் என்றேன். வந்த அம்மாள் தன்மையாகத்தான் பேசினார்.

“மணி ஆறு நாலும்மா. எழுதியாச்சு.”

தப்பு முழுக்க என்னுடையது என்று நாலு பக்கம் எழுதினேன். பதிவாளரும் முத்திரை குத்தி அனுப்பினார். இரண்டு வரியில் பதில் வந்தது. இருப்பிடம் தெரிவிப்பது வீராங்கனையின் பொறுப்பு, வேறு யாரும் அதை ஏற்க முடியாது. பழியை என் மேல் போடுங்கள் என்று கெஞ்சியும் கிடைக்காத ஆள் நான்.

தடை வந்த மறுவாரம் இன்னோர் உத்தரவு வந்தது. சிறப்பு அறை போட்டியில் பங்கேற்பவர்களுக்கு மட்டும். சாவியை நான்தான் போய் வாங்க வேண்டும். அவள் ஸ்பைக் ஷூக்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை நாலு வார்த்தை திட்டிவிடு என்று கேட்டேன்.

அவள் சாவியை என் கையில் வைத்தாள்.

“எப்படி மேடம் திட்டுறது? இந்த வருஷம் முழுக்க அன்னைக்கு ஒரு நாள்தான் நான் நல்லாத் தூங்கினேன்.”