கிரிலின் சிரிப்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கரை

செத்தவர்கள் சிரிக்கக்கூடாது என்று சவப்பெட்டிக் கடைக்காரன் சொன்ன அன்றுதான் நான் கணினியைத் திறந்தேன்.

சனிக்கிழமையோடு என் கணவர் கிரில் போய் ஒரு வருடம். அதற்குள் எங்கள் ஊர் வழக்கப்படி அவருடைய நினைவுத் தாள் எங்கள் கட்டட வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவர் வேலை செய்த பழத்தோட்டக் கதவிலும் ஒட்டப்பட்டாக வேண்டும். நாற்பதாம் நாள் தாளைக் கடைக்காரனே அச்சடித்திருந்தான். டை கட்டிய விறைப்பான முகம், கீழே ஊரில் எல்லாச் சாவுக்கும் போடும் அதே நாலு வரி. வாசலில் பார்த்தபோது யாரோ வங்கி அதிகாரி இறந்துவிட்டார் என்றுதான் எனக்கே தோன்றியது. இந்த முறை டிராக்டர் மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் படத்தைப் போடச் சொன்னேன்.

"இது கல்யாணப் பத்திரிகை இல்லம்மா. செத்தவரு பல்லக் காட்டினா ஊரு என்ன சொல்லும்?"

"அப்ப நானே பண்ணிக்கிறேன்."

"பண்ணுங்க. வெள்ளிக்கிழமை இங்கதான் வந்து நிப்பீங்க."

ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன மகன் திமோ விட்டுச்சென்ற கணினி அது. அந்தப் படமும் அதற்குள்தான் இருந்தது. அதில் தூசி தட்டுவதைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை. திமோவைத் தொலைபேசியில் கேட்டால், "அம்மா, அதத் தொடாத!" என்று கத்துவான். ஆகவே அவனிடம் கேட்கவில்லை. கடிதம் எழுதும் பக்கத்தைத் தட்டுத்தடுமாறித் திறந்து, பெயரும் தேதியும் அடித்து, படத்தை வைத்தால் அது எழுத்துகளின் மேலேயே ஏறி நின்றது. திரையின் மேல்வரிசையில் கடைசியாக ஒரு சொல் இருந்தது: உதவி. தன் மேலேயே அப்படி எழுதி வைத்திருக்கும் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அதை அழுத்தினேன். கேள்வியைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம் வந்தது.

'கிரில் ஏன் எழுத்துகளை மிதித்துக்கொண்டு நிற்கிறார்?' என்று ஒற்றை விரலால் தட்டினேன்.

எதுவும் கிடைக்கவில்லை என்றது.

பக்கத்து வீட்டுப் பென்கா, நினைவு நாளுக்கான கோதுமையை என் அடுப்பில் வேகவைத்தபடி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி ருமியானா, அதுக்குக் கிரில் யாருன்னு தெரியுமா? ஊருக்குப் புதுசா வந்தவங்கிட்டக் கேக்குற மாதிரி கேளு."

சரிதான். 'படம், எழுத்து' என்று மட்டும் கேட்டேன். படத்தைச் சுற்றி எழுத்துகளை எப்படி ஓடவிடுவது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தது. அவசரப்படுத்தவில்லை, ஒரே படியை எத்தனை முறை படித்தாலும் பெருமூச்சு விடவில்லை. கிரில் நகர்ந்து நின்றார்.

அடுத்தது நினைவுத் தாளைச் சுற்றி வர வேண்டிய கறுப்புக் கரை. 'பக்கத்துக்கு ஓரம்' என்று கேட்டு, சொன்னபடி அழுத்தினேன். சிரிக்கும் என் கணவரைச் சுற்றிச் சிவப்பு ஆப்பிள்கள் வரிசைகட்டி நின்றன.

பென்கா கரண்டியோடு ஓடிவந்து சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிப்பாவி! நினைவுத் தாளா, சந்தைக் கடைப் பலகையா? பாதிரியார் பாத்தா என்ன ஆவறது!"

உதவியிடமே திரும்பிப் போய், 'செய்ததை எப்படித் திரும்பப் பெறுவது?' என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தது! ஒரே அழுத்தில் ஆப்பிள்கள் மறைந்தன. இந்த முறை ஒவ்வொரு படியையும் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். கோடு, கறுப்பு, தடிமன், சரி. கரை கனமாக, நேராக வந்து உட்கார்ந்தது. கீழே அந்த நாலு வரிக்குப் பதிலாக ஒரே வரி எழுதினேன்: 'டிராக்டரை நிறுத்திவிட்டு இதோ வருகிறேன் என்பார்.'

திமோவின் அச்சுப்பொறியில் அடித்த தாளை வெள்ளிக்கிழமை காலை கடைக்காரனின் கண் முன்னாலேயே பேருந்து நிறுத்தத்தில் ஒட்டினேன். அவன் கிட்டே வந்து மூலைக்கு மூலை பார்த்தான்.

"எங்க அடிச்சீங்க?"

"வீட்டுல."

"யாரு பண்ணிக் குடுத்தா?"

"நானேதான்."

பேருந்துக்கு நின்றவர்கள் தாளைப் பார்த்தார்கள். தோட்டத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு சிரித்துவிட்டார். "கிரிலேதான்யா!" என்றார். எனக்கு அது போதும். வீடுவரை நிமிர்ந்தே நடந்தேன்.

மாடிப்படியில் பென்கா காத்திருந்தாள். "ருமி, என் தாளையும் நீயே பண்ணிடு."

"அதுக்கு நீ முதல்ல சாவணுமே."

"அவசரமில்ல. ஆனா எனக்கு அந்த ஆப்பிள் கரைய வை. பண்ற வழிய மட்டும் மறந்துடாத."

"மறந்தா என்ன? திரும்பக் கேட்டா சொல்லிக் குடுத்துட்டுப் போவுது," என்றேன்.